1970 சேலஞ்சருக்கு எந்த நிறம் அடிக்கலாம்?

டாட்ஜ் சேலஞ்சர் என்ற பழைய அமெரிக்கக் காருக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வண்ண அட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. டிரைவர் பக்க ஃபென்டரின் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) உட்புறத்தில் சிறிய உலோகத் தகடு ஒன்று திருகப்பட்டிருக்கும். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரியில் எஞ்சின், கியர்பாக்ஸ் குறியீடுகளும் வண்டி எண்ணும் இருக்கும். அதற்கு மேல் வரியின் முதல் மூன்று எழுத்துகள், தொழிற்சாலையில் அந்த வண்டிக்கு அடித்த பெயின்ட். அடுத்த நான்கு உள்ளே போட்ட சீட், டிரிம் இவற்றின் குறியீடு. பெயின்ட் இடத்தில் 999 என்று இருந்தால் அது சிறப்பு ஆர்டர் நிறம். அப்படி ஒரு வண்டி கிடைத்தால் வேறு நிறத்தை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

தகடு காணாமல் போயிருந்தாலும் வழி உண்டு. கதவு ரப்பர் பீடிங்குக்கு அடியில், டாஷ்போர்டின் பின்பக்கம், பின் சீட்டுக்குக் கீழே, டிக்கியின் மூலைகளில் பழைய பெயின்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெயில் படாத இடம் என்பதால் நிறம் மாற்றிக் காட்டாது. பின் சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டாங்குக்கு மேலேயோ தொழிற்சாலையில் வைத்த பில்ட் ஷீட் காகிதம் கிடைத்தால் அதிலும் அதே குறியீடு இருக்கும்.

டாட்ஜ், பிளிமத் இரண்டுக்கும் தாய் நிறுவனமான கிரைஸ்லர் அந்த ஆண்டுகளில் கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கு ‘ஹை இம்பாக்ட்’ என்று பெயர் வைத்தது. ஒரே பெயின்டுக்கு டாட்ஜில் ஒரு பெயர், பிளிமத்தில் ஒரு பெயர். எஃப்.சி.7 ஊதா டாட்ஜில் பிளம் கிரேஸி, பிளிமத்தில் இன்-வயலெட். இ.வி.2 டாட்ஜில் ஹெமி ஆரஞ்ச், பிளிமத்தில் டார்-ரெட். எஃப்.ஜே.5 கிளிப்பச்சை சப்லைம் என்றும் லைம்லைட் என்றும், இ.கே.2 கோ மேங்கோ என்றும் வைட்டமின் சி என்றும், எஃப்.ஒய்.1 மஞ்சள் டாப் பனானா என்றும் லெமன் ட்விஸ்ட் என்றும் விற்கப்பட்டன. பெயின்ட் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்கவே கூடாது; ஆண்டையும் குறியீட்டையும் சொல்ல வேண்டும். 2008இல் சேலஞ்சர் மறுபடி வந்தபோது டாட்ஜ் பழைய பெயர்களை மறுபடியும் எடுத்துக்கொண்டது. ஆனால் புதிய ஹெமி ஆரஞ்ச், பேர்ல் (முத்துபோல மின்னும் துகள்) சேர்ந்த வேறு பெயின்ட். 1970இன் ஹெமி ஆரஞ்சில் பேர்லும் இல்லை, மெட்டாலிக் எனப்படும் உலோகத் துகளும் இல்லை. பெயரை மட்டும் நம்பிக் கலக்கச் சொன்னால், பழைய உடம்பில் புதிய வண்டியின் நிறம் வந்து உட்கார்ந்துவிடும்.

நிறத்தை மாற்றலாமா என்ற கேள்விக்கு விடை ரசனையில் இல்லை, எஞ்சின் அறையில் இருக்கிறது. அந்தக் காலத்து செவ்ரலே, மஸ்டாங் வண்டிகளில் எஞ்சின் அறை கறுப்பு. வெளிநிறம் எதுவானாலும் உள்ளே கறுப்புதான். கிரைஸ்லர் வண்டிகளில் அப்படி இல்லை. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலான சுவர்), உள் ஃபென்டர், ரேடியேட்டர் சட்டம் எல்லாம் உடம்பின் நிறம். ஆகவே செவ்ரலே கமாரோவின் நிறத்தை மாற்றுகிறவர் கதவு விளிம்புகளையும் டிக்கியையும் கவனித்தால் போதும். சேலஞ்சரின் நிறத்தை மாற்றுகிறவர் எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். வயரிங், பிரேக் லைன், வைப்பர் மோட்டார், ஹீட்டர் பெட்டி எல்லாம் வெளியே வரும். இதைச் செய்யாமல் வெளியே மட்டும் ஊதா அடித்து, பானெட்டைத் திறந்தால் பழைய பழுப்பு நிறம் தெரியும் வண்டிகள் விற்பனைக்கு வருவதுண்டு. வாங்க வருகிறவர் முதலில் திறப்பது பானெட்டைத்தான். அந்த இடத்திலேயே விலை இறங்கிவிடும்.

எஞ்சின் ஏற்கெனவே வெளியே இருக்கிறது, வண்டி முழுதும் பிரித்துக் கிடக்கிறது என்றால் மட்டும் நிறமாற்றத்தைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் தகட்டில் ஹை இம்பாக்ட் குறியீடு இருந்தால் அதையே அடிப்பது நல்லது. தொழிற்சாலை நிறம், வண்டி எண்ணோடு எண் பொருந்தும் எஞ்சின் இரண்டும் சேர்ந்த வண்டியைத்தான் தேடி வாங்குபவர்கள் விரும்புகிறார்கள். தகட்டில் பழுப்போ மங்கலான தங்க நிறமோ இருந்து, எஞ்சினும் மாற்றப்பட்ட 318 (கன அங்குல எஞ்சின்) வண்டி என்றால் தயங்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடித்ததை அடியுங்கள். அப்படி மாற்றும்போதும் அந்த ஆண்டின் அட்டையிலிருந்தே ஒரு நிறத்தை எடுங்கள். க்ரோம் பம்பர், மெல்லிய சில்வர் பட்டைகள் இவற்றோடு 1970இன் நிறங்கள் பொருந்துகிற அளவுக்கு இன்றைய பேர்ல் நிறங்கள் பொருந்துவதில்லை.

என் மனதுக்கு நெருக்கமான சேலஞ்சர் நிறம் இ.எஃப்.8, கரும்பச்சை மெட்டாலிக். ஊதாவுக்கும் ஆரஞ்சுக்கும் கூட்டம் கூடும்போது அதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் சாய்வான வெயிலில் அந்தப் பின்பக்கத் தோள்வரி முழு நீளத்துக்கும் ஒரே கோடாக மின்னுவதைப் பார்த்தால், அந்த உடம்புக்கென்றே கலந்த பெயின்ட் போல இருக்கும். இ.பி.5 நீல மெட்டாலிக்கும் அதே ரகம். பிளம் கிரேஸியின் அழகு வேறு: நண்பகலில் நீலம் கலந்த ஊதா, மாலையில் சிவப்பேறிய ஊதா. நாளின் நேரத்துக்கு ஏற்ப மாறும் இந்த நிறத்தை வண்ண அட்டையின் சின்னச் சதுரத்தில் பார்த்து முடிவு செய்யவே முடியாது.

நிறம் தகரத்தின் குறையை மறைக்குமா, காட்டுமா என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். கறுப்பு எதையும் மன்னிக்காது. நீண்ட பின் குவார்ட்டர் பேனலில் (பின் சக்கரத்தைச் சுற்றிய பக்கத் தகடு) அரை மில்லிமீட்டர் அலை இருந்தாலும் கடை விளக்கின் பிம்பம் அதில் நெளியும். கரும்நீலம், கரும்பச்சை கறுப்புக்கு அடுத்தபடி. வெள்ளை, மஞ்சள், வெளிர் சில்வர் நிறையவே மறைக்கும். குவார்ட்டர் பேனலை மாற்றி வெல்டு வைத்த வண்டிக்குக் கறுப்புதான் வேண்டும் என்றால், தேய்ப்பு வேலைக்கு இரட்டிப்பு நேரமும் கூலியும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

முடிவு செய்யும் முன் மாதிரி அடித்துப் பாருங்கள். தட்டையான அட்டை போதாது. வளைவுள்ள பழைய ஃபென்டர் துண்டோ டிக்கி மூடியோ கிடைத்தால் சிறப்பு. வண்டிக்கு அடிக்கப்போகும் அதே சீலர் (நிறத்துக்கு அடியில் வரும் பூச்சு), அதே பேஸ் (நிறப்பூச்சு), அதே கிளியர் (மேலே வரும் நிறமற்ற பூச்சு) இவற்றை அதே எண்ணிக்கைக் கோட்டுகளில் அடிக்க வேண்டும். நேர் வெயிலிலும் நிழலிலும், மாலையிலும், பெட்ரோல் பங்க் விளக்கிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு கலவைகள் பகலில் ஒன்றாகத் தெரிந்து டியூப்லைட்டில் பிரிந்து நிற்பது சாதாரணம். வண்டியின் டிரிம் துண்டு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். கறுப்பு உள்ளலங்காரத்துக்கு எந்த நிறமும் சேரும். பச்சையோ நீலமோ உள்ளே இருந்தால், கதவுத் தூண், டாஷ் சட்டம் உட்பட உள்ளே தெரியும் தகரமும் அந்த நிறத்தில்தான் இருக்கும். வெளிநிறத்தை அதற்கேற்பத்தான் எடுக்க வேண்டும்.

மஞ்சள், ஆரஞ்ச், சிவப்பு அடிக்கிறவர்கள் சீலரின் நிறத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. இவற்றுக்கு மறைக்கும் திறன் குறைவு. டாப் பனானாவைக் கரும்சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் ஐந்து கோட் போட்டும் பச்சை ஓடிய மஞ்சளாகவே நிற்கும். வெள்ளை சீலர் போட்டால் மூன்றில் முடியும். கறுப்பு-வெள்ளைக் கட்டம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு கடையில் கிடைக்கும். அதை மாதிரிப் பலகையில் ஒட்டி, கட்டம் முழுதும் மறையும் வரை எத்தனை கோட் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வண்டிக்கும் அதே எண்ணிக்கைதான்.

1970இல் கிரைஸ்லர் அடித்தது அக்ரிலிக் எனாமல். கிளியர் கோட் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லேக்கர் அடித்தது. அந்தப் பழைய தோற்றம் வேண்டுமென்றால், ஹெமி ஆரஞ்ச் போன்ற மெட்டாலிக் இல்லாத நிறத்துக்கு நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் வரும் இன்றைய சிங்கிள்-ஸ்டேஜ் யூரித்தேன் மூன்று கோட் போதும். கண்ணாடி பூசியது போன்ற பளபளப்பு இல்லாமல் நிறமே மின்னும். பாலிஷ் போடும்போது துணியில் நிறம் ஒட்டுவது இயல்புதான், பயப்பட வேண்டாம். பிளம் கிரேஸி, இ.பி.5 போன்ற மெட்டாலிக்குகளுக்கு பேஸும் கிளியரும்தான் பொருத்தம். சிங்கிள்-ஸ்டேஜ் மெட்டாலிக்கை வாட்டர் பேப்பரால் தேய்த்தால் மேலே இருக்கும் அலுமினியத் துகள்கள் அறுபட்டு, தேய்த்த இடம் திட்டுத் திட்டாகத் தெரியும். தினமும் வெளியே நிற்கும் சிவப்பு, ஆரஞ்ச் வண்டிக்கும் கிளியர் போடுவதையே சொல்வேன். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அதில்தான் இருக்கிறது.

வேலையின் வரிசை இப்படிப் போகும். பழைய பெயின்ட் முழுதையும் வெறும் தகரம் வரை எடுக்க வேண்டும். இடையில் யாராவது அடித்த லேக்கர் மேல் புதிய பெயின்ட் அடித்தால் தின்னர் ஊறி அடிப்பூச்சு சுருங்கித் தூக்கிக்கொள்ளும். பானெட், கூரை, கதவுத் தகடு போன்ற தட்டையான பாகங்களில் மணல் பீய்ச்சக் கூடாது. தகரம் விரிந்து நெளிந்துவிட்டால் திரும்ப நேராக்குவது பெரும்பாடு. அங்கே பெயின்ட்டைக் கரைக்கும் ஸ்ட்ரிப்பரும் 80 எண் உப்புத்தாளும் போதும். அன்றே எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட். பட்டி வைப்பது எப்பாக்ஸிக்கு மேல்தான். நேராகத் தகரத்தில் வைத்த பட்டிக்கு அடியில் ஈரம் புகுந்தால் சில ஆண்டுகளில் கொப்புளமாக வரும். பிறகு தடிமனாகப் படியும் ஹை-பில்ட் பிரைமர் மூன்று கோட், அதன்மேல் லேசாகக் கறுப்பு கைடு கோட், அதன்பின் நீளமான பலகையில் 180, 320 என்று குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பு. கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். பெரும்பாலான வண்டிகளுக்கு இந்தச் சுற்று இரண்டு முறை வேண்டும். கடைசியாக 400, மெட்டாலிக் என்றால் 600. இதை அவசரப்படுத்தினால் தேய்த்த கீறல்கள் பேஸின் தின்னரில் ஊதி, வெயிலில் கோடு கோடாகத் தெரியும்.

எப்பாக்ஸி அடிப்பதற்கு முன்பே கதவு, ஃபென்டர், பானெட் எல்லாவற்றையும் மாட்டி இடைவெளி பார்த்துவிட வேண்டும். சுற்றிலும் நான்கைந்து மில்லிமீட்டர் சீராக வரட்டும். பெயின்ட் முடிந்த பிறகு கதவை வளைத்துச் சரிசெய்வது விளிம்பை உதிர்ப்பதில்தான் முடியும்.

அளவுகள்: கலந்த எப்பாக்ஸி 4 லிட்டர், ஹை-பில்ட் 6 முதல் 8 லிட்டர், வெளிப்புறத்துக்கு பேஸ் தின்னர் சேர்க்கும் முன் சுமார் 4 லிட்டர். எஞ்சின் அறை, டிக்கி, கதவு உள்விளிம்புக்கு இன்னும் ஒன்றிரண்டு லிட்டர். 4:1 கலவையில் கிளியர் 5 லிட்டர், அதற்கு ஹார்டனர் 1.25 லிட்டர், மூன்று கோட் வரும். மொத்த பேஸையும் ஒரே நாளில் வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் திரும்ப டப்பாக்களில் நிரப்புங்கள். டப்பாவுக்கு டப்பா உள்ள சிறு வித்தியாசம் அதில் கரைந்துவிடும். இல்லாவிட்டால் பாதிக் கதவில் டப்பா மாறும்போது நிறமும் மாறும்.

மெட்டாலிக் அடிக்கும்போது பாகங்களைக் கழற்றித் தரையில் படுக்க வைத்து அடிக்காதீர்கள். துகள்கள் விழும் கோணம் மாறினால் நிறம் மாறித் தெரியும். உள்விளிம்புகளை முதலில் தனியாக அடித்து முடித்து, பிறகு வண்டியில் மாட்டி வெளிப்புறத்தை ஒரே ஓட்டத்தில் அடிப்பதுதான் சரி. 1.3 மில்லிமீட்டர் முனை, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம்; ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் சாதாரண நிறத்துக்குப் பாதியும் மெட்டாலிக்குக்கு முக்காலும் படிய வேண்டும். கடைசியாகச் சற்றுத் தள்ளி நின்று ஒரு மெல்லிய கோட் தூவினால் புலிவரி போன்ற பட்டைகள் அடங்கும். கோட்டுகளுக்கு நடுவே 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். விடாவிட்டால் அடியில் மாட்டிய தின்னர் வெளியே வரும்போது ஊசிக்கண் போலத் துளைகள் விழும். குளிருக்கான வேகத் தின்னரை வெயில் நாளில் ஊற்றினாலும் இதே கதி. பெயின்ட் ஆழப் பள்ளம் போல வட்டம் வட்டமாக விலகினால் அது சிலிக்கோன். பக்கத்தில் யாரோ டயர் பாலிஷ் அடித்திருப்பார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்ச் பெயின்டுகளில் ஈயக் குரோமேட் நிறமிகள் உண்டு. உலர்ந்த தேய்ப்பில் வரும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது, அதே உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கவும் கூடாது. ஹார்டனர் சேர்க்கும் எல்லா யூரித்தேனிலும் ஐசோசயனேட் இருக்கிறது. அபாய அளவை எட்டினாலும் வாசனையால் தெரியாது, ஆஸ்துமாவை நிரந்தரமாகக் கொண்டுவரும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி இல்லாமல் கிளியர் அடிக்காதீர்கள். அது இல்லையென்றால் அடிக்கும் வேலையை மட்டும் பூத் உள்ள கடையில் கொடுத்துவிட்டு, மற்றதை நீங்களே செய்யலாம். நிறையப் பேர் செய்வது அதுதான், நல்ல ஏற்பாடும்கூட.

பட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சேலஞ்சர் ஆர்.டி.யில் வாலைச் சுற்றும் பம்பிள்பீ பட்டை அல்லது பக்கவாட்டில் நீளப் பட்டை, இரண்டில் ஒன்று வந்தது. தொழிற்சாலையில் ஒட்டியது டேப்தான். பெயின்ட் முழுதாக உலர ஒரு மாதமாவது விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுங்கள். வினைல் கூரையை மட்டும் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. அதன் அடியில் தண்ணீர் தங்கிப் பின் கண்ணாடியின் கால்வாயைத் துருப்பிடிக்க வைத்த வண்டிகள் அத்தனை இருக்கின்றன.

பெயின்ட் முடிந்த பின் முதல் இரண்டு மூன்று மாதம் வாக்ஸ் வேண்டாம். தின்னர் முழுதும் வெளியேறட்டும். கழுவலாம், ஆனால் நிழலில், இரண்டு வாளி வைத்து. பிரேக் ஆயிலை வண்டியின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். டாட் 3, டாட் 4 ஒரு சொட்டு விழுந்தாலும் சில நிமிடத்தில் பெயின்ட் மெழுகாகிவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துடைக்க வேண்டாம். பேட்டரித் தட்டுக்கு அடியில் அமிலம் கசிந்து எஞ்சின் அறைப் பெயின்ட்டைத் தின்பதும் வழக்கம். கதவுகளின் அடியிலும் வைப்பருக்கு முன்னுள்ள கவல் என்ற காற்றுப் பள்ளத்திலும் இருக்கும் வடிகால் துளைகளை ஆண்டுக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பழைய வண்டியில் நல்ல பெயின்ட் கெடுவது பெரும்பாலும் உள்ளிருந்துதான்.

அதன்பிறகு ஓட்டுங்கள். ஆகஸ்டில் மிச்சிகனின் உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலமான ட்ரீம் க்ரூஸில் நின்றால், இந்த நிறங்கள் எதற்காகக் கலக்கப்பட்டன என்பது புரியும். 1970 சேலஞ்சர்களில் பெரும்பாலானவை பிறந்த ஹாம்ட்ராம்க் ஆலை இருந்த இடமும் அங்கிருந்து தூரமில்லை. நீண்ட ஓட்டத்துக்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். டயரின் டாட் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் தேய்மானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மாற்றுங்கள். ஃபிளாட் டாப்பெட் கேம் (வால்வைத் திறக்கும் தண்டு நேராக உரசி ஓடும் பழைய அமைப்பு) இருக்கும் எஞ்சினுக்கு 1,000 முதல் 1,200 பி.பி.எம். துத்தநாகம் உள்ள ஆயில் வேண்டும். டாஷ்போர்டு அம்மீட்டர் வழியாகத்தான் முழு சார்ஜிங் கரண்டும் ஓடுகிறது. ஃபயர்வால் கனெக்டரில் உருகிய பிளாஸ்டிக் தெரிந்தால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

ஓட்டினால் கல் படும். பின் சக்கரத்துக்கு அகலமான 255/60ஆர்15 போட்டிருந்தால் அதற்குப் பின்னுள்ள குவார்ட்டரின் கீழ்ப்பகுதியில் முதலில் சில்லு விழும். அங்கே தெளிவான பாதுகாப்புப் படலம் ஒட்டிவிட்டால் பெரும்பகுதி தப்பும். விழுந்த சில்லைத் தகரம் தெரிகிற அன்றே கவனியுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எப்பாக்ஸி வைத்து உலர விட்டு, மீதம் வைத்திருக்கும் அதே கலவை பேஸை இரண்டு தடவையாக நிரப்பி, மேலே கிளியர் சற்று மேடாக வரும்படி வையுங்கள். ஒரு வாரம் கழித்து 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் மேட்டை மட்டும் தேய்த்து பாலிஷ் போடலாம். அதற்காகவே அரை லிட்டர் பேஸைத் தின்னர் சேர்க்காமல் இறுக மூடி, குறியீடு, பிராண்டு, சீலரின் நிறம், எத்தனை கோட் என்பதை டப்பாவின் மேலேயே எழுதி வையுங்கள்.